கிளம்பிப் போன நாயகன் வீடு திரும்பினானா?

ஜூன் 3 — ஒரு வாசகர் கிளப்பியது

"ஸ்டார் வார்ஸ், மேட்ரிக்ஸ், ட்யூன், இன்டர்ஸ்டெல்லர் எல்லாம் ஒரே கதைதான். சாதாரணப் பையன், ஓர் அழைப்பு, ஒரு கிழட்டு குரு, ஓர் அரக்கன், கடைசியில் வெற்றி. தொன்ம ஆய்வாளர் ஜோசப் காம்ப்பெல் புராண நாயகர்களின் பயணத்தைப் படிப்படியாகப் பிரித்து 1949-இல் எழுதிய புத்தகத்தை ஜார்ஜ் லூக்காஸ் ஸ்டார் வார்ஸாக வரிக்கு வரி படமாக்கினார். மற்றவர்கள் லூக்காஸைப் பார்த்து எழுதினார்கள். இதில் புதிதாகப் பேச என்ன இருக்கிறது?"

ஜூன் 3, இரவு

நிறைய இருக்கிறது. முதலில் அந்த "வரிக்கு வரி".

லூக்காஸ் 1973-இல் ஸ்டார் வார்ஸை எழுத உட்கார்ந்தபோது அவர் மனதில் இருந்தது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 1958 படம் ஒன்று. நாடிழந்த இளவரசி, அவளைப் பத்திரமாகக் கூட்டிப்போகும் தளபதி, கூடவே சண்டை போட்டுக்கொண்டு வரும் இரண்டு குடியானவர்கள். அந்தக் குடியானவர்கள்தான் பிற்பாடு இரண்டு ரோபோக்கள் ஆனார்கள். ஆரம்ப வரைவுகளில், பிற்பாடு நாயகனின் பெயரான லூக் ஸ்கைவாக்கர் என்பது ஒரு வயதான தளபதியின் பெயர். பண்ணையில் அலுத்துப்போய் நிற்கும் பையன் அப்புறம்தான் வந்தான். காம்ப்பெல்லைப் படித்தது உதவியது என்று லூக்காஸே சொல்லியிருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காம்ப்பெல் அந்தப் படங்களைப் பார்த்ததே மூன்றும் வெளிவந்த பிறகுதான்.

இன்னொன்று. அப்பாவோடு கணக்குத் தீர்ப்பது காம்ப்பெல்லின் படிகளில் பெரிய படி. வில்லன் டார்த் வேடர்தான் லூக்கின் அப்பா என்ற திருப்பத்தை வைத்துத்தான் பாதிப்பேர் "பார்த்தீர்களா, தொன்மம்" என்கிறார்கள். 1980-இல் வந்த இரண்டாம் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிய வரைவில் லூக்கின் அப்பா ஆவியாக வந்து மகனோடு பேசுகிறார். வேடர் வேறு ஆள். பிராக்கெட் 1978 மார்ச்சில் இறந்துபோனார், அதற்குப் பிறகு லூக்காஸ் எழுதிய வரைவில்தான் இரண்டு பேரும் ஒருவர் ஆனார்கள். படப்பிடிப்பில் வேடரின் உடைக்குள் இருந்த நடிகருக்குக் கொடுத்திருந்த வசனம்கூட "உன் அப்பாவைக் கொன்றது ஓபி-வான்" என்ற பொருளில்தான் இருந்தது; ஓபி-வான் லூக்கின் குரு. உண்மை தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். புத்தகத்தைப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறவர் இப்படியா எழுதுவார்?

ஜூன் 4, காலை

பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், சுருக்கமாக. காம்ப்பெல்லின் பயணத்துக்கு மொத்தம் 17 படிகள். கிளம்புவதற்கு 5, போன இடத்தில் பட்டுத் தேறுவதற்கு 6, திரும்பி வருவதற்கு 6. 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் முதல் ஐந்தும் அச்சு அசலாக இருக்கின்றன. கடைசி ஆறில் எத்தனை தேறும் என்று தேடிப் பாருங்கள்.

ஜூன் 4, மதியம்

தேடினேன் என்கிறார் ஒருவர். "கடைசியில் லூக்குக்குப் பதக்கம் கொடுக்கிறார்களே, அது திரும்புதல் இல்லையா?" என்று கேட்கிறார்.

இல்லை. அது பரிசளிப்பு விழா. காம்ப்பெல் சொல்லும் திரும்புதலுக்கு இரண்டு நிபந்தனைகள்: போனவன் கிளம்பிய ஊருக்கே வரவேண்டும், வரும்போது அந்த ஊருக்கு உதவும் ஏதோ ஒன்றைக் கொண்டுவரவேண்டும். லூக்குக்கு ஊரே இல்லை. மாமாவும் அத்தையும் வீட்டு வாசலில் கரிந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் அவன் கிளம்புகிறான். திரும்பி வர வேண்டிய வீட்டை முதல் அரைப்பகுதியிலேயே கொளுத்திவிட்டால் கதாசிரியருக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம்.

பதக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மேடையில் கூடவே போரிட்ட சூபாக்காவுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. 2019 படத்தில்தான் கையில் கொடுத்தார்கள். 42 வருஷம். நம்மூர் ஓய்வூதியக் கோப்பே தேவலை.

ஜூன் 4, இரவு

"1983 படத்தில் லூக் தான் வளர்ந்த கோளான டாட்டூயினுக்குத் திரும்பி வருகிறானே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். வருகிறான். நண்பனை மீட்க வருகிறான், மீட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறான். நண்பனைப் பிடித்து வைத்திருந்த ஜப்பா செத்தது அந்த ஊருக்குக் கிடைத்த நன்மை என்று வாதாடலாம். ஆனால் லூக்குக்கு அந்த எண்ணம் இருந்ததாகப் படத்தில் எங்கேயும் இல்லை.

இதில் உங்களுக்குச் சாதகமான இடத்தை நீங்கள் யாரும் எடுக்கவில்லை. நானே எடுத்துத் தருகிறேன். 1999 ஸ்டார் வார்ஸ் படத்தில், பிற்பாடு வேடர் ஆகப்போகும் சிறுவன் அனாக்கின் சாப்பாட்டு மேசையில் ஒரு கனவைச் சொல்கிறான்: தான் ஜெடி வீரன் ஆகி, ஊருக்குத் திரும்பி வந்து, அடிமைகள் எல்லோரையும் விடுவித்ததாக. அவனும் அவன் அம்மாவும் அடிமைகள். காம்ப்பெல்லின் மூன்றாம் பகுதி முழுவதும் அந்த ஒற்றை வசனத்தில் இருக்கிறது. 2002 படத்தில் அவன் திரும்புகிறான், பத்து வருஷம் தாமதமாக. அம்மா மகன் கையிலேயே உயிரை விடுகிறாள். அவளைப் பிடித்து வைத்திருந்த கூடாரக் கூட்டத்தை அவன் பெண்கள் குழந்தைகள் உட்பட வெட்டிப் போடுகிறான்.

அந்த இரண்டு படங்களின் வசனத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டலடியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஒரு நாயகன் அரக்கன் ஆவது சோதனையில் தோற்றதால் இல்லை, ஊருக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாததால்தான் என்பதை இவ்வளவு நேராக வேறு எந்த விண்வெளிப் படமும் எழுதவில்லை.

ஜூன் 6

நேற்று எழுத முடியவில்லை. இடையில் யாரோ நாயகன் பயணத்தின் 12 படி வட்டத்தைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். அது காம்ப்பெல்லுடையது இல்லை. கிறிஸ்டோபர் வோக்லர் என்பவர் 1985-இல் டிஸ்னியில் கதை வாசிப்பவராக இருந்தபோது காம்ப்பெல் புத்தகத்தை 7 பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். அது கைக்குக் கை மாறி ஹாலிவுட் முழுக்கப் பரவி, பிறகு 1992-இல் புத்தகமாகவும் வந்தது. இன்று திரைக்கதை சொல்லிக்கொடுக்கிறவர்கள் பலரும் பலகையில் வரைவது வோக்லரின் வட்டத்தைத்தான்.

எனக்கும் வரைந்தார்கள். சென்னையில் ஒரு திரைக்கதைப் பயிலரங்கு, பெயர் வேண்டாம். கட்டணம் கொஞ்சமில்லை. வாத்தியார் வந்ததும் வட்டத்தைப் போட்டு, "அழைப்பு பன்னிரண்டாம் பக்கத்துக்குள் வந்தாக வேண்டும்" என்றார். என் கதையில் ஒருத்தி ஊருக்குத் திரும்பி வருவதில்தான் கதையே தொடங்குகிறது. "அப்படியென்றால் உன் கதை முடிந்த இடத்தில் தொடங்குகிறது, மாற்று" என்றார். மாற்றிக் கொடுத்தேன். மாற்றியது படு மோசம், அதற்குத்தான் பாராட்டு கிடைத்தது. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கடுப்பு இருக்கிறது என்பதை மறைக்கவில்லை, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கடுப்பை விட்டுவிட்டு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காம்ப்பெல்லிடம் இரண்டு மறுப்புகள் உண்டு: கிளம்ப மறுப்பது, திரும்ப மறுப்பது. வோக்லர் முதலாவதை வைத்துக்கொண்டார். இரண்டாவது பட்டியலிலேயே இல்லை. நாயகன் முதலில் தயங்குவான், பிறகு போவான், ஜெயிப்பான், வருவான். ஜெயித்தவன் "நான் வரவில்லை" என்று சொல்ல இடமே கிடையாது. ஏன் என்று யோசித்தால், தயங்கிக் கிளம்புகிறவனைப் பார்க்கிறவனுக்குப் பிடிக்கிறது. ஜெயித்த பின் வர மறுக்கிறவனை வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் என்ன செய்வார்?

2017 ஸ்டார் வார்ஸ் படம் வந்தபோது ரசிகர்கள் அடித்துக்கொண்டதும் இதற்காகத்தான் என்று தோன்றுகிறது. கிழ லூக் ஒரு தீவில் ஒதுங்கி இருக்கிறான். அவ்வளவு தூரம் வந்து ஒருத்தி அவனுடைய வாளை நீட்டினால் வாங்கித் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டுப் போகிறான். "எங்கள் லூக் இப்படிச் செய்ய மாட்டான்" என்று கூச்சல். காம்ப்பெல் புத்தகத்தில் அதற்குத் தனித் தலைப்பே இருக்கிறது ஐயா.

ஜூன் 6, பின்னிரவு

அந்தத் தலைப்பின் கீழ் காம்ப்பெல் யாரை உதாரணம் காட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. முசுகுந்தனை.

அவருக்கு இந்தியக் கதைகள் போகிற போக்கில் கிடைத்தவை அல்ல. இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிக் சிம்மர் இறந்த பிறகு அவருடைய இந்திய ஆய்வுகளைப் பதிப்பித்தவர் காம்ப்பெல்தான்.

கதை தெரியாதவர்களுக்கு: தேவர்களுக்காக அசுரர்களோடு நெடுங்காலம் போரிட்டவன் முசுகுந்தன். போர் முடிந்ததும் என்ன வரம் வேண்டும் என்கிறார்கள். களைத்துப்போனவன் தூக்கம் கேட்கிறான், எழுப்புகிறவன் எரிந்து போகவேண்டும் என்றும் கேட்கிறான். குகையில் படுத்துவிடுகிறான். யுகம் கடக்கிறது. துரத்தி வந்த காலயவனனைக் கண்ணன் அந்தக் குகைக்குள் இழுத்துவிடுகிறான். தூங்குகிறவன்தான் கண்ணன் என்று நினைத்து அவன் எட்டி உதைக்க, முசுகுந்தன் கண்ணைத் திறக்க, காலயவனன் சாம்பல். பிறகு முசுகுந்தன் வெளியே வந்து பார்க்கிறான். மனிதர்கள் உருவத்தில் சிறுத்துப்போயிருக்கிறார்கள். தன் காலம் போய்விட்டது என்று தெரிகிறது. அவன் ஊர்ப்பக்கம் போகவில்லை, மலைக்குத் தவம் செய்யப் போய்விடுகிறான்.

இப்போது இன்டர்ஸ்டெல்லர் கடைசி இருபது நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். மகளை விட்டுவிட்டு விண்வெளிக்குப் போன கூப்பர் கண் விழிக்கிறான். வயது 124 என்கிறார் மருத்துவர். மகள் கிழவியாகிப் படுத்திருக்கிறாள். அவனுடைய பண்ணை வீட்டை அப்படியே அந்த விண்வெளி நிலையத்தில் கட்டி அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். மகளைப் பார்க்கிறான், அவளே போகச் சொல்கிறாள், திருட்டுத்தனமாக ஒரு கலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். இது லூக்காஸைப் பார்த்து எழுதியதா? முசுகுந்தன் கதையின் எலும்பு இது. குகைத் தூக்கத்தின் இடத்தில் கருந்துளையும் சார்பியலும் வந்திருக்கின்றன.

எனக்கு அறிவியல் புனைகதை பிடித்ததற்கு இதுதான் காரணம். போய்வந்தவனுக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் காலம் வேறு வேறாக ஓடும் என்பது புராணத்தில் வரத்தால், சாபத்தால் நடக்கும். இந்தப் படங்களில் இயற்பியலால் நடக்கிறது. ரேவதியைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போய், பாட்டு முடியும்வரை காத்திருந்து திரும்புவதற்குள் யுகங்கள் கடந்துவிட்டதாக வரும் ராஜா கதையும் இதே வகைதான்.

ஜூன் 7, காலை

தூங்கி எழுந்து படித்தேன். மேலே எழுதியதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முசுகுந்தனை அப்படி மலையில் விட்டுவிட்டு வர மனசில்லை. எனக்குச் சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். எங்கள் ஊர் முசுகுந்தன் வேறு மாதிரி.

அவன் சோழச் சக்கரவர்த்தி, முகம் மட்டும் குரங்கு முகம். முற்பிறவியில் குரங்காக இருந்து வில்வ இலையைச் சிவன்மேல் உதிர்த்த புண்ணியம், பழசை மறக்காமல் இருக்க முகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான் என்பது கதை. இவனும் இந்திரனுக்காக அசுரனோடு சண்டை போடுகிறான். இவனிடமும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். இவன் தூக்கம் கேட்கவில்லை. இந்திரன் பூசித்த தியாகராசர் திருமேனியைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே மாதிரி ஆறு செய்வித்து ஏழையும் கலந்து வைக்கிறான். முசுகுந்தன் சரியானதைத் தொட்டுவிடுகிறான். கடைசியில் ஏழுமே அவனுக்கு. ஏழையும் பூமிக்குக் கொண்டுவந்து ஏழு ஊரில் வைக்கிறான்: திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், வேதாரண்யம்.

திருவாரூர்க் கோயிலில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் இந்தக் கதை வரிசை வரிசையாக ஓவியமாக இருக்கிறது, அடியில் தமிழில் குறிப்புகளோடு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கிரீடம், நகை, பட்டு எல்லாம் ராஜாவுக்குரியது, நடுவில் அந்த மூஞ்சி.

ஆக, பெயர் ஒன்று, முடிவு இரண்டு. ஒருவன் திரும்ப மறுத்தவன். இன்னொருவன் காம்ப்பெல் கேட்ட இரண்டு நிபந்தனையையும் நிறைவேற்றி, கொண்டுவந்ததைத் தலைநகரில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஏழு ஊருக்குப் பங்கும் போட்டவன். காம்ப்பெல் எடுத்தது முதலாமவனை. சினிமா இரண்டாமவனை இன்னும் தொடவே இல்லை. விண்வெளிக்குப் போய்க் கொண்டுவந்ததை ஏழு ஊருக்குப் பிரித்துக்கொடுக்கும் படம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜூன் 7, மாலை

சொன்னவை: சூப்பர்மேன் (அவன் போகவே இல்லை, வந்தவன்), இ.டி. (அதுவும் வந்ததுதான், நாயகன் எலியட் என்றால் அவன் தெருவைத் தாண்டவில்லை), மேட்ரிக்ஸ்.

சூப்பர்மேன் சொன்னவருக்கு ஓர் உபரித் தகவல். குழந்தையைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடும் பிறப்புக் கதைகளை உளவியலாளர் ஓட்டோ ராங்க் 1909-இலேயே தொகுத்தார். மோசே, அக்காட் மன்னன் சார்கோனோடு நம் கர்ணனும் அதில் இருக்கிறான். 1938-இல் ஆற்றுக்குப் பதில் விண்வெளி வந்தது, பேழைக்குப் பதில் ராக்கெட்.

மேட்ரிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1999 படம் வட்டத்துக்குள் சுகமாக உட்காரும். 2003-இல் வந்த இரண்டாம் படத்தில் மேட்ரிக்ஸை வடிவமைத்த வெள்ளைத்தாடிக்காரர் "உனக்கு முன்னால் ஐந்து பேர் வந்து போனார்கள், மீட்பர் என்பதே எங்கள் ஏற்பாடு" என்கிறார். நாயகப் பயணமே அதிகாரம் வைத்த பொறி என்று ஒரு வணிகப் படம் சொல்வது பெரிய துணிச்சல். அதை ஏன் அவ்வளவு சுற்றிவளைத்துச் சொன்னார்கள் என்பதுதான் என் புகார்.

ஜூன் 8

ட்யூன். கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சரி.

இங்கே இன்னொரு காம்ப்பெல் வருகிறார். நாவல் முதலில் தொடராக வந்த பத்திரிகையின் ஆசிரியர் ஜான் டபிள்யூ. காம்ப்பெல். நம் ஜோசப்புக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. முதல் கதையைக் கொண்டாடிய இவர் அடுத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம், அதில் நாயகன் பால் அட்ரெய்டிஸ் ஜெயித்தவனாக இல்லை, தன் பெயரால் நடக்கும் கொலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவனாக இருக்கிறான். ஃபிராங்க் ஹெர்பர்ட் சொல்ல வந்ததே அதுதான்: மீட்பர்களிடம் ஜாக்கிரதை. அந்தத் தொடர்ச்சி 1969-இல் வேறொரு பத்திரிகையில் வந்தது.

படங்கள் இதை என்ன செய்தன? 1984-இல் டேவிட் லின்ச் படத்தின் முடிவில் பால் அட்ரெய்டிஸ் மழையை வரவழைக்கிறான். மழை! பாலைவனக் கோளில்! கதையின் எச்சரிக்கை அத்தனையும் அந்த மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. 2024-இல் வில்னவ் வேறு வழி பிடித்தார். நாவலில் பாலுடனேயே இருக்கும் அவன் காதலி சானி, படத்தில் எல்லோரும் மண்டியிடும்போது மண்டியிடாமல் வெளியேறி, ஏறிப்போக மணற்புழுவை அழைக்க நிற்கிறாள். மூலத்தை மாற்றிவிட்டார் என்று புத்தகக்காரர்கள் குறைப்பட்டார்கள். எனக்கு அது மூலத்தின் கருத்துக்கு மூலத்தைவிட நெருக்கமாகப் பட்டது. படம் பார்க்கிறவனுக்குப் பாலை நம்பாத ஒரு முகம் தேவை. நாவலில் அந்த வேலையை ஹெர்பர்ட்டின் எழுத்தே செய்துவிடுகிறது, திரையில் அதை ஓர் ஆள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜூன் 10

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு இன்டர்ஸ்டெல்லர் மறுபடி பார்த்தேன், இந்த இழையால் வந்த வினை. நடுநடுவே நிறுத்திக் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். அலை வரும் அந்தக் கோளில் ஒரு மணி நேரம் வெளியே ஏழு வருஷம் என்றதும், "உங்க அப்பா துபாய்ல இருந்தப்ப எனக்கு அப்படித்தான்" என்றார். கூப்பர் 23 வருஷச் செய்திகளை ஒரே உட்காரலில் பார்க்கும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

கடைசிக் காட்சியில்தான் பிடித்துக்கொண்டார். கட்டிலைச் சுற்றி மகன், மகள், பேரன், பேத்தி என்று அத்தனை பேர் நிற்கிறார்கள். "தாத்தா வந்து நிக்கிறார், ஒரு பிள்ளைகூட வாங்கன்னு கேக்கலையே?"

எத்தனை முறை பார்த்திருக்கிறேன், இது எனக்குப் படவே இல்லை. உண்மைதான். விலகி வழிவிடுகிறார்கள், அவன் பேசிவிட்டுக் கிளம்பியதும் மறுபடி கட்டிலைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவனிடம் யாருக்கும் ஒரு சொல் இல்லை. 6-ஆம் தேதி இரவு நான் கூப்பரைத் திரும்ப மறுத்தவன் என்று எழுதினேன். அதைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அவன் மறுப்பதற்கு முன்பே ஊர் அவனை மறுத்துவிட்டது, அதுவும் மரியாதையோடு. அவன் பெயரில் நிலையம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறான், அது மகள் பெயரில் வைத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். வீடு காட்சிப்பொருள் ஆகிவிட்டது. ஆளுக்கு வேலையில்லை.

ஜூன் 11

அம்மா சொன்னதைக் கையில் எடுத்துக்கொண்டு மற்ற படங்களுக்குள் போனால் வேறு வரிசை கிடைக்கிறது. கான்டாக்ட், 1997. வானியலாளர் எல்லி ஒரு விண்பயணக் கருவிக்குள் உட்கார்ந்து எங்கோ போய், அப்பாவின் உருவத்தில் யாரிடமோ பேசிவிட்டு வருகிறாள். பூமியில் இருந்தவர்கள் பார்த்தது கலம் நேராகக் கீழே விழுந்ததை மட்டும், சில நொடிகள்தான். விசாரணை வைக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஆதாரம் கேட்டவள் ஆதாரம் இல்லாமல் நிற்கிறாள். அவளுடைய பதிவுக் கருவியில் 18 மணி நேரம் இரைச்சல் பதிவாகியிருந்ததை அதிகாரிகள் தங்களுக்குள் பேசி மூடிவிடுகிறார்கள். போய்வந்ததை ஊருக்கு எப்படிச் சொல்வது என்பதைக் காம்ப்பெல் திரும்பும் வாசலின் மிகக் கடினமான வேலை என்கிறார். அந்தப் படம் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றாகச் செய்தது.

ஜூன் 11, இரவு

"பெண்கள் வந்தாலே உங்கள் காம்ப்பெல் கணக்கு உதைக்குமே, ரிப்ளியை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டவருக்கு.

1979-இன் ஏலியனில் அவளை எங்கேயும் வைக்க முடியாது, அதுதான் அழகு. அழைப்பு கிடையாது, குரு கிடையாது, தீர்க்கதரிசனம் கிடையாது. எல்லாப் பாத்திரத்தையும் ஆணும் நடிக்கலாம் பெண்ணும் நடிக்கலாம் என்று திரைக்கதையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நாயகி யார் என்றே பாதிப் படம்வரை தெரியாது. சரக்குக் கப்பல் ஊழியை ஒருத்தி விதிமுறையைக் கடைப்பிடிக்கச் சொல்கிறாள், யாரும் கேட்கவில்லை, எல்லோரும் சாகிறார்கள், அவளும் பூனையும் மிச்சம்.

1986 ஏலியன்ஸ்தான் நம் விவாதத்துக்கு வேண்டியது. ஜேம்ஸ் கேமரான் படத்தைத் திரும்புதலில் தொடங்குகிறார். ரிப்ளி 57 வருஷம் உறைதூக்கத்தில் மிதந்திருக்கிறாள். கண்டெடுத்து எழுப்புகிறார்கள். கம்பெனி விசாரணைக் குழு அவள் சொல்வதில் ஒரு வார்த்தையை நம்பவில்லை, கப்பலை வெடிக்க வைத்ததற்குக் கணக்குக் கேட்கிறது, உரிமத்தைப் பிடுங்குகிறது. துறைமுகத்தில் சுமை ஏற்றும் எந்திரம் ஓட்டப் போகிறாள். அந்த எந்திரம்தான் கடைசியில் சண்டைக்கு உதவுகிறது, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது விசாரணைக்கு முன்னால் உள்ள காட்சி. மகளைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்கிறாள். ஒருவன் ஒரு புகைப்படத்தைக் கொடுக்கிறான். நரைத்த கிழவி. 66 வயதில் இறந்துவிட்டாள். பதினொன்றாம் பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் ரிப்ளி.

இன்டர்ஸ்டெல்லருக்கு 28 வருஷம் முன்னால், ஒரு துப்பாக்கிச் சண்டைப் படத்தின் தொடக்கத்தில். அடுத்து அவள் ஏன் போன இடத்தில் கண்டெடுத்த சிறுமிக்காக அவ்வளவு தூரம் கீழே இறங்குகிறாள் என்பதற்கு அந்த ஒரு புகைப்படம் போதும்.

திரையரங்குக்கு வந்த வடிவத்தில் இந்தக் காட்சி கிடையாது. வெட்டிவிட்டார்கள், பிறகு வந்த நீண்ட வடிவத்தில்தான் சேர்த்தார்கள். எனவே இழையைத் தொடங்கிவைத்தவருக்கு ஒரு கேள்வி: நீங்கள் எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள்? திரையரங்கு வடிவம் என்றால் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு "எல்லாம் ஒரே கதை" என்பதை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம்.